கொக்கி மாட்டினால் மட்டும் போதுமா? உயரத்திலிருந்து விழும் உடலின் கணக்கு

சிங்கப்பூரின் ஏதோ ஒரு கட்டுமானத் தளத்தில் காலை வேலை தொடங்குகிறது. தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், விளிம்பை ஒட்டி ஓர் ஊழியர் நிற்கிறார். தலைக்கவசம் இருக்கிறது. பாதுகாப்புக் காலணி இருக்கிறது. ஊழியர்கள் ‘ஹார்னஸ்’ என்று அழைக்கும் பாதுகாப்பு வாரையும் அணிந்திருக்கிறார். அதிலிருந்து வரும் இரண்டு மீட்டர் கயிற்றின் கொக்கியைத் தம் காலடியில் உள்ள இரும்பு வளையத்தில் மாட்டிவிட்டார். பார்ப்பவர் எவரும் அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

இயற்பியல் அப்படிச் சொல்வதில்லை. அவர் தவறி விழுந்தால், கயிறு அவரை முழுமையாக நிறுத்தும் முன்பே கால்கள் தரையில் மோதிவிடும். கொக்கி மாட்டியிருந்தும் அவர் காயமடையலாம்.

ஏன் அப்படி? அதைப் புரிந்துகொள்ள, விழும்போது ஒரு மனித உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் படித்த இயற்பியல்தான். ஆனால், உயரத்தில் வேலை செய்வோருக்கு அது தேர்வுக்கான பாடம் அன்று. மாலையில் தங்குவிடுதிக்குத் திரும்பி ஊருக்குத் தொலைபேசியில் பேசுவதற்கான பாடம்.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் வேலையிடங்களில் 36 பேர் உயிரிழந்தனர். 100,000 ஊழியர்களுக்கு 0.99 என்ற அந்த விகிதம், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆனால், 2024ல் மரண எண்ணிக்கை மீண்டும் 43க்கு உயர்ந்தது. வாகன விபத்துகளைப் போலவே, உயரத்திலிருந்து விழுவதும் வேலையிட மரணங்களுக்கான முன்னணிக் காரணங்களில் ஒன்றாகத் தொடர்கிறது. கட்டுமானத் தளங்களில் உழைப்போரில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் கணிசமானோர் என்பதால், இது நம் சமூகத்துக்கு நெருக்கமான செய்தி.

ஒரு நொடிகூட இல்லை

கைப்பிடி தவறியதும் ஒருவர் கீழ்நோக்கி வேகமெடுக்கத் தொடங்குகிறார். புவியீர்ப்பு ஒவ்வொரு நொடியும் அவரது வேகத்தை நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூட்டுகிறது.

எண்ணிக்கையில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு மீட்டர் விழுந்தவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். இரண்டு மீட்டர் விழுந்தால் 22 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். மூன்று மீட்டரில் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். நான்கு மீட்டரில் 32 கிலோமீட்டர்.

மூன்று மீட்டர் விழுவதற்கு ஆகும் நேரம் முக்கால் நொடிக்குச் சற்றே கூடுதல். ‘விழுகிறோம்’ என்று மூளை உணர்ந்து, கையை அசைக்க உத்தரவிடுவதற்கே கால் நொடி அளவு போய்விடுகிறது. எஞ்சியிருக்கும் அரை நொடியில் எதையாவது எட்டிப் பிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ‘கவனமாக இருந்தால் சமாளித்துவிடலாம்’ என்ற நம்பிக்கையை இந்த அரை நொடி உடைத்துவிடுகிறது. அனுபவமும் உடல் வலிமையும் விழாமல் இருக்க உதவும். விழத் தொடங்கியபின் அவற்றுக்கு வேலை செய்ய நேரமில்லை.

கனமானவர் வேகமாக விழுவார், ஒல்லியானவர் மெதுவாக விழுவார் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. காற்றின் தடை இல்லாவிட்டால் எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில்தான் விழும். 1971ஆம் ஆண்டு அப்போலோ 15 பயணத்தில் நிலவுக்குச் சென்ற விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத அந்த மண்ணில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கீழே விட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

எடை வேகத்தை மாற்றாது. ஆனால், நிறுத்துவதற்குத் தேவைப்படும் விசையை மாற்றும். கையில் கனமான கருவிப் பையுடன் இருப்பவரைப் பிடித்து நிறுத்தக் கயிறு கூடுதலாகப் பாடுபட வேண்டும். கருவிகளின் எடையையும் சேர்த்தே பாதுகாப்பு வாரின் எடை வரம்பைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

காற்று எப்போது கைகொடுக்கும்?

மிக உயரத்திலிருந்து விழுபவரின் வேகம் முடிவில்லாமல் கூடிக்கொண்டே போவதில்லை. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். ஒரு கட்டத்தில் காற்று மேல்நோக்கித் தள்ளும் விசை, உடலின் எடைக்குச் சமமாகிவிடும். அதன் பிறகு வேகம் கூடாது. இதையே முற்றுத் திசைவேகம் என்கிறார்கள்.

வயிறு கீழ்நோக்கி இருக்க, கைகால்களை விரித்தபடி விழும் வான்குதிப்பு வீரருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 195 கிலோமீட்டர். அந்த வேகத்தை அடைய அவருக்கு 12 நொடிகள், கிட்டத்தட்ட 450 மீட்டர் தூரம் தேவை. தலைகீழாக, உடலைக் குறுக்கிக்கொண்டு பாய்ந்தால் வேகம் இன்னும் கணிசமாகக் கூடும். காற்றுக்குத் தடை போட அங்கே உடற்பரப்பு குறைவு.

காற்றே அரிதாக இருக்கும் உயரத்தில் கணக்கு வேறு. 2012 அக்டோபர் 14ஆம் தேதி ஆஸ்திரிய வீரர் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர், ஹீலியம் பலூனில் ஏறி ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். தடுக்கப் போதிய காற்று இல்லாததால் அவரது வேகம் மணிக்கு 1,357 கிலோமீட்டரைத் தொட்டது. ஒலியைவிட வேகமாக அவர் விழுந்தார். கீழே இறங்க இறங்கக் காற்று அடர்த்தியானது. அதே காற்று அவரது வேகத்தைக் குறைத்தது. பிறகு பாரசூட் விரிந்தது.

கட்டுமானத் தளத்தில் இந்த உதவி கிடைக்காது. சில மீட்டர் தூரத்தில் காற்று வேகத்தைக் குறைப்பது கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட இல்லை. அங்கே ஒருவரை நிறுத்தப் போவது கயிறு அல்லது தரை. இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

ஐந்தரைக் கிலோமீட்டரிலிருந்து விழுந்தவர்

விழுந்த உயரம் மட்டும்தான் ஒருவரின் கதியைத் தீர்மானிக்கிறது என்றால், விமானத்திலிருந்து பாரசூட் இல்லாமல் விழுந்த எவரும் பிழைத்திருக்க முடியாது. ஆனால், வரலாற்றில் மிகச் சிலர் பிழைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 மார்ச் 24ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் விமானப் படையின் நிக்கலஸ் அல்கமேட் சென்ற லங்காஸ்டர் ரகக் குண்டுவீச்சு விமானம் ஜெர்மனிக்குமேல் தீப்பற்றி எரிந்தது. அவரது பாரசூட்டும் எரிந்துபோனது. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்திலிருந்து பாரசூட் இல்லாமலேயே வெளியே குதித்தார். முதலில் ஊசியிலை மரங்களின் கிளைகள் அவரைத் தாங்கித் தாங்கி விட்டன. பிறகு தரையில் கிடந்த மென்பனி ஏந்திக்கொண்டது. கால் சுளுக்கு போன்ற சிறு காயங்களுடன் அவர் உயிர் தப்பினார்.

அதற்கு முந்திய ஆண்டு, 1943 ஜனவரி 3ஆம் தேதி, அமெரிக்க விமானப் படையின் ஆலன் மகீ பிரான்சின் சான் நசேர் நகருக்குமேல் விமானத்திலிருந்து விழுந்தார். அங்குள்ள ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரை உடைந்து அவரது வேகத்தைக் குறைத்தது. படுகாயமடைந்தாலும் பிழைத்தார். 1972 ஜனவரி 26ஆம் தேதி, யூகோஸ்லாவிய விமானப் பணிப்பெண் வெஸ்னா வுலோவிச், 10,160 மீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறிய விமானத்தின் ஒரு பகுதிக்குள் சிக்கியபடியே விழுந்து உயிர்பிழைத்தார். மரங்கள் அடர்ந்த, பனி மூடிய சரிவில் அந்தப் பகுதி விழுந்தது. மண்டை ஓடு, முதுகெலும்பு, கால்கள் என்று பல இடங்களில் அவருக்கு எலும்பு முறிந்திருந்தது.

இவை அபூர்வங்கள். இவர்களைப்போல் விழுந்த மற்றவர்களில் ஏறக்குறைய அனைவரும் இறந்துபோனார்கள் என்பதால்தான் இந்தப் பெயர்கள் நினைவில் இருக்கின்றன. எவரும் நம்பியிருக்கக்கூடிய வழி இதில் இல்லை.

ஆனாலும், மூன்று சம்பவங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூவரும் ஒரே அடியில் நிற்கவில்லை. கிளைகள், பனி, உடையும் கூரை, நொறுங்கும் விமானப் பகுதி என்று ஏதோ ஒன்று அவர்களின் வேகத்தைச் சிறிது சிறிதாகத் தணித்தது.

நிற்கும் தூரம்

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கைகளை விறைப்பாக வைத்துக்கொள்வதில்லை. பந்து கையில் விழும்போது கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்கிறார். திண்ணையிலிருந்து குதிக்கும் சிறுவன் முழங்காலை மடக்கித் தரையிறங்குகிறான். இருவரும் செய்வது ஒன்றே: நிற்பதற்கு ஆகும் தூரத்தை நீட்டுகிறார்கள். தூரம் நீண்டால் விசை குறையும்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. விழத் தொடங்கிய இடத்திலிருந்து முழுமையாக நின்ற இடம் வரையிலான மொத்தத் தூரத்தை, வேகம் தணிவதற்கு ஆன தூரத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண், உடல் தன் எடையைப்போல் சராசரியாக எத்தனை மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று மீட்டர் விழுந்து கான்கிரீட் தரையில் மூன்று சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் வளைந்து கொடுக்காது. உடல்தான் நசுங்கி இடம்கொடுக்க வேண்டும். மூன்று மீட்டரை மூன்று சென்டிமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 100. அதாவது, ஏழு டன் எடைக்குச் சமமான விசை. வெறும் மூன்று மீட்டர் உயரத்தில்.

அதே கணக்கை அல்கமேட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 195 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் கிளைகளிலும் பனியிலுமாக மொத்தம் மூன்று மீட்டர் தூரத்தில் சீராக நின்றால், அவர் தாங்க வேண்டியது தம் எடையைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவர் தாங்கியது, மூன்று மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்தவர் தாங்குவதில் பாதியாக இருக்கக்கூடும்.

இதைத் தனிப்பட்ட அனுபவத்திலிருந்து தொடங்கி ஆராய்ந்தவர் அமெரிக்கரான ஹியூ டிஹேவன். முதல் உலகப் போர்க் காலத்தில் விமானியாகப் பயிற்சி பெற்றபோது நேர்ந்த விபத்தில் அவருக்குக் கடுமையான உள்காயம் ஏற்பட்டது. இடுப்பில் கட்டியிருந்த வாரின் கொக்கியே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். பிற்காலத்தில், 15 முதல் 45 மீட்டர் வரையிலான உயரங்களிலிருந்து விழுந்தும் உயிர் தப்பியவர்களின் சம்பவங்களைத் திரட்டி 1942ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். விசை எவ்வளவு தூரத்தில், உடலின் எவ்வளவு பரப்பில் பகிரப்படுகிறது என்பதே காயத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. இன்று நாம் காரில் அணியும் இருக்கைவாருக்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது.

அமெரிக்க விமானப் படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் இதைத் தம் உடலிலேயே சோதித்தார். 1954 டிசம்பர் 10ஆம் தேதி, ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, ஒன்றரை நொடிக்குள் நின்றார். அவர் உடல் தாங்கிய உச்ச விசை, எடையைப்போல் 46 மடங்கு. கண்களில் இரத்தம் கட்டியது. சில மணி நேரம் பார்வை மங்கியது. ஆனால், அவர் உயிரோடு எழுந்தார். உடலின் வலுவான பகுதிகளில் அகலமான வார்கள் இறுகக் கட்டப்பட்டிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உடலுக்குள் நடப்பது

உடல் நின்றதும் உள்ளே இருக்கும் எல்லாமும் உடனே நின்றுவிடுவதில்லை. மண்டை ஓடு நின்ற பிறகும் அதற்குள் மிதக்கும் மூளை நகர்ந்து சென்று எலும்பில் மோதுகிறது. தலைக்கவசம் மண்டையைக் காக்கும். மூளையின் நகர்வை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. நெஞ்சுக்குள் இதயமும் பெரும் இரத்தக் குழாய்களும் தொடர்ந்து முன்னே செல்லப் பார்க்கின்றன. வெளியே சிறு கீறல்கூட இல்லாமல் உள்ளே இரத்தம் கசிவது இப்படித்தான்.

எனவே, ‘விழுந்தேன், ஆனால் ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுந்து வேலைக்குத் திரும்பும் ஊழியரையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கக்கூடியவரை, உடனடி ஆபத்து இருந்தாலொழிய, சகஊழியர்கள் தூக்கி நகர்த்தக்கூடாது. 995க்கு அழைத்து மருத்துவ உதவிக்குக் காத்திருப்பதே சரி.

கிழிவதற்காகவே தைத்த தையல்

இனி பாதுகாப்பு வாருக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ள ஊழியர் இரண்டு மீட்டர் விழுகிறார். அவரைப் பிணைத்திருக்கும் சாதாரணக் கயிறு பத்து சென்டிமீட்டர் மட்டுமே இழுபட்டு அவரை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்குப்படி 2.1 மீட்டரை 0.1ஆல் வகுத்தால் 21. ஏறத்தாழ ஒன்றரை டன் விசை. அது சராசரிதான், உச்ச விசை இன்னும் கூடுதலாக இருக்கும். கயிறு அறுந்து போகாமல் தாங்கினாலும் உடல் தாங்காது.

அதனால்தான் தரமான கயிற்றின் ஒரு முனையில் சிறிய பொட்டலம் போன்ற ஒன்று இருக்கிறது. ஊழியர்கள் ‘ஷாக் அப்சார்பர்’ என்று சொல்லும் அதிர்ச்சி தாங்கி அது. அதற்குள் மடித்துத் தைக்கப்பட்ட நாடா இருக்கும். குறிப்பிட்ட அளவுக்குமேல் இழுபட்டால் அந்தத் தையல் வரிசையாகக் கிழியத் தொடங்கும். விழும் உடலின் ஆற்றலைத் தையல்கள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். அல்கமேட்டுக்கு மரக்கிளைகள் செய்ததை இங்கே தையல் செய்கிறது.

நாடா ஒரு மீட்டர் நீண்டால், அதே ஊழியர் தாங்க வேண்டிய சராசரி விசை தம் எடையைப்போல் மூன்று மடங்கு மட்டுமே. ஒன்றரை டன் எங்கே, 210 கிலோ எங்கே! பரவலாகப் பின்பற்றப்படும் ஐரோப்பியத் தரநிலை, இத்தகைய சாதனம் உடலுக்குக் கடத்தும் விசை 6 கிலோநியூட்டனை, அதாவது ஏறத்தாழ 600 கிலோ எடையை, தாண்டக்கூடாது என்கிறது.

அந்த விசையும் உடலின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பது முக்கியம். முன்பு இடுப்பில் மட்டும் பெல்ட் கட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதில் மொத்த விசையும் வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். தலைகீழாக நழுவிவிடும் ஆபத்தும் உண்டு. முழு உடல் வார், விசையைத் தொடைகள், இடுப்பு, நெஞ்சு, தோள்கள் என்று பகிர்ந்தளிக்கிறது. விழுந்தவரைத் தலை மேலாகவே நிறுத்துகிறது. வெயிலுக்குக் கசகசக்கிறது என்று தொடை வார்களைத் தளர்த்தி விடுவது, இந்தப் பகிர்வையே கெடுத்துவிடும்.

தையல் ஒருமுறைதான் கிழியும். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய வாரையும் கயிற்றையும் மீண்டும் பயன்படுத்தக்கூடாது என்பது அதனால்தான்.

நான்கு எண்களைக் கூட்டுங்கள்

நிறுத்துவதற்குத் தூரம் வேண்டும் என்றால், அந்தத் தூரம் கீழே இருக்க வேண்டும் அல்லவா? தொடக்கத்தில் பார்த்த ஊழியர் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிட வேண்டும். கயிற்றின் நீளம் 2 மீட்டர். அதிர்ச்சி தாங்கி முழுதாக விரிந்தால் 1.75 மீட்டர். முதுகில் உள்ள வளையத்திலிருந்து கால்வரை உடலின் நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர். பாதுகாப்புக்காக விடவேண்டிய இடைவெளி 1 மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர். சாதாரண மாடிகளில் இரண்டு மாடி உயரம்.

நம் ஊழியருக்குக் கீழே இருந்தது நான்கு மீட்டர். காலடியில் கொக்கி மாட்டியிருந்ததால், கயிறு விறைப்பாகும் முன்பே அவர் மூன்றரை மீட்டர் விழுந்திருப்பார். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை எட்டியிருக்கும். அப்போது அவரது கால்களுக்கும் தரைக்கும் இடையே எஞ்சியிருப்பது அரை மீட்டர் மட்டுமே. தையல் கிழிந்து முடிவதற்குள் தரை வந்துவிடும்.

அதே கயிற்றைத் தலைக்குமேல் உள்ள இடத்தில் மாட்டினால் நிலைமை வேறு. கயிறு விறைப்பாகும் வரை விழும் தூரம் ஒரு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். வேகம் குறையும், தையல் கிழிய வேண்டிய நீளமும் குறையும். உயரம் குறைவான இடங்களில், காரின் இருக்கைவார்போல் இழுத்தவுடன் பூட்டிக்கொள்ளும் தானியங்கிச் சுருள் கயிறு பயன்படுகிறது. அது ஒருவரைச் சிறு தூரத்திலேயே பிடித்துவிடும்.

இரண்டு கயிறுகளை இணைத்து நீளமாக்கிக்கொள்வது, வேலைக்கு வசதியாக இருக்கிறது என்று சிலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் விழும் தூரம் வெகுவாகக் கூடிவிடுகிறது.

பக்கவாட்டில் காத்திருக்கும் சுவர்

கொக்கி தலைக்குமேல் இருந்தால் மட்டும் போதாது. நேர் மேலே இருக்க வேண்டும். மாட்டிய இடத்திலிருந்து சில மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து சென்று வேலை செய்பவர் விழுந்தால், கோயில் மணியின் நாக்குபோல் ஊசலாடிச் சுவரிலோ தூணிலோ மோதுவார்.

ஊசலின் கீழ்முனையில் அவரது வேகம், அதே அளவு செங்குத்தாக விழுந்திருந்தால் இருக்கும் வேகத்துக்குச் சமம். இரண்டு மீட்டர் இறங்கி ஊசலாடியவர் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் தூணில் மோதுவார். அங்கே அதிர்ச்சி தாங்கி உதவிக்கு வராது. வேலை நகர நகர, கொக்கி மாட்டும் இடத்தையும் மாற்ற வேண்டும். இரட்டைக் கொக்கிக் கயிறு இருப்பது இதற்காகத்தான்: ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றலாம்.

தொங்கும் நிமிடங்கள்

கயிறு சரியாகப் பிடித்துவிட்டது. ஊழியர் காயமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறார். ஆபத்து முடிந்துவிடவில்லை.

அசையாமல் தொங்கும்போது தொடை வார்கள் இரத்தக் குழாய்களை அழுத்தும். கால்களுக்குச் சென்ற இரத்தம் இதயத்துக்குத் திரும்புவது குறையும். நடக்கும்போது கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். தொங்குபவரின் கால்களுக்கு அந்த வாய்ப்பில்லை. சில நிமிடங்களிலேயே தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். மயங்கியவர் நிமிர்ந்த நிலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

தொங்குபவர் நினைவோடு இருந்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரில் கால் வைப்பதற்கான பட்டை இருந்தால், அதில் அழுத்தி நிற்க முயல வேண்டும். அவரை எப்படி, யார், எந்தக் கருவியுடன் கீழே இறக்குவது என்ற மீட்புத் திட்டம் வேலை தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். விழுந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

‘ஏணிதானே’ என்ற அலட்சியம்

உயரம் என்றதும் இருபது மாடிக் கட்டடமே நினைவுக்கு வருகிறது. ஆனால், சாரக்கட்டின் முதல் தட்டு, ஏணி, பொய்க்கூரை, லாரியின் பின்தளம் ஆகியவையும் உயரம்தான்.

வட்ட வடிவ இராணுவப் பாரசூட்டில் இறங்கும் வீரர், நொடிக்கு ஐந்து முதல் ஏழு மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவார். ஒன்றேகால் முதல் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுபவரின் வேகமும் அதுவே. அந்த வேகத்தில் எலும்பு முறியாமல் உருண்டு இறங்குவதற்கு வீரர்களுக்கு நாள்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். ஏணியிலிருந்து எதிர்பாராமல் பின்புறமாகச் சரிபவருக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, தயாராவதற்கான நேரமும் இல்லை.

சிங்கப்பூரில் உயரத்தில் செய்யும் வேலைகளுக்கென 2013ஆம் ஆண்டின் விதிமுறைகள் உள்ளன. மூன்று மீட்டருக்குமேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்ய, ‘பெர்மிட் டு ஒர்க்’ எனப்படும் பணி அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டு ஊழியர் வைத்திருக்கும் வேலை அனுமதி அட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்றைய வேலையை, அந்த இடத்தைப் பரிசோதித்த பிறகு தரப்படும் அனுமதி இது. கீழே எத்தனை மீட்டர் இருக்கிறது, கொக்கியை எங்கே மாட்டுவது என்ற கேள்விகளை ஊழியர் கேட்பதற்கு உரிய நேரமும் அதுதான்.

வீடுகளுக்கும் இது பொருந்தும். இல்லப் பணிப்பெண்கள் சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது விழுந்து இறந்த சம்பவங்களைத் தொடர்ந்து, மனிதவள அமைச்சு 2012ல் கட்டுப்பாடுகளை விதித்தது. தரைத்தளத்திலோ பொது நடைபாதையை ஒட்டியோ இல்லாத சன்னல்களின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமானால், சன்னலில் கம்பிக்கதவு பொருத்தப்பட்டுச் சுத்தம் செய்யும் நேரம் முழுவதும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். முதலாளியோ அவர் சார்பில் வயதுவந்த ஒருவரோ உடனிருந்து மேற்பார்வையிட வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

விழாமல் இருப்பதே முதல் கணக்கு

பாதுகாப்பு வார் என்பது கடைசித் தடுப்பு. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த வேலையைத் தரையிலேயே செய்துவிட முடியாதா? முடியாது என்றால், விளிம்பில் தடுப்புக் கம்பி போட முடியாதா? தரையில் உள்ள திறப்பை மூட முடியாதா?

இயற்பியலின் பார்வையிலும் இந்த வரிசையே சரி. தடுப்புக் கம்பியில் சாய்ந்தவர் விழவே தொடங்குவதில்லை. அவரிடம் வேகமும் இல்லை, தணிக்க வேண்டிய ஆற்றலும் இல்லை, கீழே ஆறேகால் மீட்டர் தேவை என்ற நிபந்தனையும் இல்லை.

தடுப்புக் கம்பிக்கு வழியே இல்லாத இடத்தில்தான் கொக்கிக்கு வேலை. அதை மாட்டும் முன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை பார்க்க வேண்டும். மேலே, ஆங்கர் தலைக்கு நேரே இருக்கிறதா? கீழே, கயிறும் அதிர்ச்சி தாங்கியும் உடலும் முழுதாக நீள இடம் இருக்கிறதா? பக்கவாட்டில், ஊசலாடினால் மோத எதுவும் இருக்கிறதா?

பதில் திருப்தியாக இல்லையென்றால், மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறு ஏற்பாடு கேட்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகலாம். மூன்று மீட்டர் விழுவதற்கு முக்கால் நொடியே போதும்.